மூளை குளிர்ந்தால் நரம்புச் செல்கள் எப்படிப் பேசிக்கொள்ளும்? படிப்படியான முழு வழிகாட்டி

குளிர்ந்தால் எல்லாம் மெதுவாகும், மூளையும் அப்படித்தான். இந்த விஷயத்தைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான். பாதி சரி. மீதிப் பாதிக்கு ஒரு சின்ன உதாரணம் பாருங்கள்.

மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோயில், நரம்பு அனுப்பும் செய்தியைத் தசை சரியாக வாங்கிக்கொள்ளாது. கண் இமை தொங்கிப்போகும். மருத்துவர் அந்த இமையின் மேல் துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை இரண்டு நிமிடம் வைப்பார். எடுத்ததும் இமை ஓரிரு மில்லிமீட்டர் மேலே ஏறியிருக்கும். நோயைக் கண்டுபிடிக்க உதவும் ஓர் எளிய சோதனை இது. குளிர் இங்கே நரம்புக்கும் தசைக்கும் இடையிலான பேச்சைக் கெடுக்கவில்லை, சீராக்கியிருக்கிறது. ஆனால் அதே குளிர், மூளையின் மேலடுக்கான புறணியை 20 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோனால், அந்தப் பகுதி வாயடைத்துப்போகும்.

இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்? குளிர் எல்லா வேலைகளையும் ஒரே அளவில் மெதுவாக்குவதில்லை, அதனால்தான். ஒரு செய்தி ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்குப் போவதற்குள் பத்துப் பதினைந்து வேலைகள் நடக்கின்றன. சில வேலைகள் குளிரில் தவழும், சில ஏறக்குறைய அப்படியே ஓடும். முடிவைத் தீர்மானிப்பது இவற்றுக்கு இடையில் விழும் இடைவெளி. கீழே அந்தச் செய்தியின் பின்னாலேயே போய் ஒவ்வொரு இடத்திலும் குளிர் என்ன செய்கிறது என்று பார்க்கப்போகிறோம். பள்ளி உயிரியலும், அடுக்குக் கணக்குப் போடத் தெரிந்த ஒரு கால்குலேட்டரும் இருந்தால் போதும்.

படி 1: முதலில் கணக்கு

உயிரியலாளர்கள் வெப்பநிலையின் தாக்கத்தை அளக்க க்யூ10 என்ற எண்ணைப் பயன்படுத்துவார்கள். வெப்பநிலை 10 டிகிரி மாறினால் ஒரு வேலையின் வேகம் எத்தனை மடங்கு மாறும் என்பதுதான் அது. க்யூ10 இன் மதிப்பு 3 என்றால், 37-லிருந்து 27-க்கு இறங்கும்போது அந்த வேலை மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் நடக்கும்.

மாற்றம் 10 டிகிரிக்குக் கூடவோ குறையவோ இருந்தாலும் கணக்கு எளிது: க்யூ10 எண்ணை, வெப்பநிலை வேறுபாட்டைப் பத்தால் வகுத்து வரும் அடுக்குக்கு உயர்த்துங்கள். 37-லிருந்து 33-க்கு வேறுபாடு 4, அடுக்கு 0.4. மூன்றின் அடுக்கு 0.4 என்றால் சுமார் 1.55. அதாவது 1 மில்லி விநாடியில் முடிந்த வேலைக்கு இப்போது 1.55 மில்லி விநாடி ஆகும்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நரம்புச் செல்லில் நடக்கும் வேலைகள் ஏறக்குறைய இரண்டு கூட்டமாகப் பிரிகின்றன. வெறும் பரவலால் நடக்கும் வேலைகளுக்கு, உதாரணமாகத் திறந்துகிடக்கும் வாயில் வழியாக அயனி நழுவிப்போவதற்கு, க்யூ10 ஏறக்குறைய 1.3 முதல் 1.5 வரைதான். புரதம் தன் வடிவத்தை மாற்றிச் செய்யும் வேலைகளுக்கு, அதாவது அயனி வாயில் திறப்பது, மூடுவது, பம்பு சுற்றுவது, நொதி வெட்டுவது போன்றவற்றுக்கு, அது 2 முதல் 3 வரை, சிலவற்றுக்கு அதற்கும் மேல்.

இப்போது 20 டிகிரிக்கு இறங்கிப் பாருங்கள். வேறுபாடு 17, அடுக்கு 1.7. க்யூ10 1.3 உள்ள வேலை சுமார் 1.6 மடங்கு மெதுவாகும். க்யூ10 3 உள்ள வேலை ஆறரை மடங்கு மெதுவாகும். 37 டிகிரியில் ஒத்துப்போய் நடந்த இரண்டு வேலைகள் இப்போது நான்கு மடங்கு விலகி நிற்கின்றன. இனி வரும் ஒவ்வொரு படியிலும் இந்த விலகல்தான் வேறு வேறு உருவத்தில் தலைகாட்டும்.

படி 2: எந்தக் குளிர் என்று தெளிவாகச் சொல்லுங்கள்

"மூளை குளிர்ந்தது" என்ற வாக்கியத்துக்கு எண் இல்லாமல் பொருளே இல்லை. மருத்துவமனையில் பேசப்படும் மிதமான குளிர்ச்சி 33 டிகிரியை ஒட்டியது. பெருநாடி அறுவை சிகிச்சையில் ரத்த ஓட்டத்தையே நிறுத்த வேண்டிய நேரத்தில் 18 டிகிரி வரையோ அதற்கும் கீழேயோ போவார்கள். ஆய்வகத்தில் மூளைத் துண்டுகளை வைத்து வேலை செய்பவர்களின் "அறை வெப்பநிலை" 22 முதல் 25 வரை. இந்த மூன்றிலும் நடப்பவை வேறு வேறு.

இன்னொன்று: தலையில் ஐஸ் வைத்தால் மூளை குளிர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய 15 சதவீதம் மூளைக்குப் போகிறது, உடலின் வெப்பத்தைச் சுமந்துகொண்டு. வெளியே வைக்கும் குளிர் தோல், எலும்பு, மேலோட்டமான பகுதி என்ற அளவில் நின்றுவிடும். ஆழத்தில் உள்ள மூளையைக் குளிரவைக்க வேண்டுமென்றால் ரத்தத்தையே குளிரவைக்க வேண்டும். அது தீவிர சிகிச்சைப் பிரிவின் வேலை, வீட்டில் முயன்று பார்க்கும் சமாச்சாரம் கிடையாது. உடல் 30 டிகிரிக்குக் கீழே போகத் தொடங்கினாலே இதயத் துடிப்பு ஆபத்தாகத் தடம் மாறலாம்.

படி 3: ஆக்சானில் ஓடும் மின்துடிப்பு

செய்தி தொடங்குவது இங்கே. சோடியம் வாயில்கள் திறக்கும், உள்ளே மின்னூட்டம் பாயும். பிறகு அவை தாமாக அடைத்துக்கொள்ளும், பொட்டாசியம் வாயில்கள் திறந்து நிலைமையைப் பழையபடி கொண்டுவரும். ஆலன் ஹாட்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் பெரிய ஆக்சானில் இதை அளந்து 1952-ல் சமன்பாடுகளாக எழுதினார்கள். 1963-ல் நோபல் பரிசு. அந்தச் சமன்பாடுகள் எழுதப்பட்ட வெப்பநிலை 6.3 டிகிரி. மற்ற வெப்பநிலைகளுக்கு அவற்றைப் பொருத்த, வாயில்களின் வேகத்தை க்யூ10 3 என்ற கணக்கில் பெருக்கிக்கொள்வார்கள். குளிரில் மின்துடிப்பு மெதுவாக நடப்பதால், அன்றைய கருவிகளால் அதைப் பின்தொடர முடிந்தது. இன்றைக்கு நரம்பியலின் அடித்தளமாக இருக்கும் அந்த வேலைக்கே குளிர் கைகொடுத்திருக்கிறது.

குளிரில் மின்துடிப்புக்கு மூன்று மாற்றங்கள் வரும். ஓடும் வேகம் குறையும். அகலம் கூடும், அதாவது அதிக நேரம் நீடிக்கும். அப்புறம், பலரும் எதிர்பார்க்காத ஒன்று: தோலின் மேல் மின்முனை வைத்து அளந்தால் உயரமும் கூடலாம். சோடியம் வாயில்கள் மூடத் தாமதிப்பதால் மின்னூட்டம் கூடுதல் நேரம் உள்ளே வந்துகொண்டிருக்கும்.

நரம்பு கடத்தல் சோதனை செய்பவர்களுக்கு இது அன்றாடத் தலைவலி. மனித நரம்பில் ஒரு டிகிரி குறைந்தால் வேகம் விநாடிக்குச் சுமார் 2 மீட்டர் குறைகிறது. முன்கை நரம்பில் விநாடிக்கு 55 மீட்டர் வேகம் உள்ள ஒருவர் குளிர்ந்த கையோடு வந்து உட்காருகிறார், நரம்பு 5 டிகிரி குளிர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அளவு 45 என்று வரும். அந்த நரம்பில் சுமார் 50-க்குக் கீழே போனால் சந்தேகப்பட வேண்டும் என்பது வழக்கம். ஒன்றுமே இல்லாதவருக்கு நரம்பு நோய் என்று அறிக்கை எழுதிவிடலாம்! அதனால்தான் கையின் தோல் 32 டிகிரிக்குக் கீழே இருந்தால் முதலில் சூடுபடுத்திவிட்டு அளக்கிறார்கள். வேகம் குறைந்து, உயரம் கூடியிருந்தால் நோயை விடக் குளிரைச் சந்தேகிக்க வேண்டும். இது நல்ல துப்பு.

இதே அகலம் கூடும் விளைவு ஒரு நோயில் உதவுகிறது. மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸில் ஆக்சானைச் சுற்றியுள்ள மையலின் உறை சிதைந்திருக்கும். மின்துடிப்பு அடுத்த கணுவை, அதாவது உறையில் அடுத்து வரும் இடைவெளியைத் தட்டி எழுப்பத் தேவையான மின்னூட்டம் மயிரிழையில் போதும் போதாததாக இருக்கும். உடல் சூடானால் துடிப்பு குறுகும், மின்னூட்டம் போதாமல் செய்தி நடுவழியில் நின்றுவிடும். ஒரு டிகிரிக்கும் குறைவான உயர்விலேயே பார்வை மங்கும் நோயாளிகள் உண்டு. வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் 1890-ல் விவரித்த இந்த நிகழ்வு இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. குளிர்ந்தால் துடிப்பு அகலும், கணு எழும், பார்வை திரும்பும்.

படி 4: முனையில் கால்சியம், கதவைத் தட்டும் நேரம்

மின்துடிப்பு ஆக்சானின் முனைக்கு வந்ததும் கால்சியம் வாயில்கள் திறக்கும். உள்ளே நுழையும் கால்சியம், நரம்புக்கடத்தி அடைத்த நுண்பைகளைச் செல்லின் சவ்வோடு ஒட்டவைத்து உடைக்கும். உள்ளே இருந்த வேதிப்பொருள் இடைவெளியில் கொட்டும். சினாப்ஸ் என்ற இந்தச் சந்திப்பில்தான் குளிரின் அடி பலமாக விழுகிறது, ஆகவே இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

பெர்னார்ட் காட்ஸும் ரிக்கார்டோ மிலேடியும் 1965-ல் தவளையின் நரம்பு-தசைச் சந்திப்பைக் குளிரவைத்து, மின்துடிப்பு வந்ததற்கும் வேதிப்பொருள் வெளியேறியதற்கும் இடையே உள்ள தாமதத்தை அளந்தார்கள். க்யூ10 சுமார் 3 என்று வந்தது. அந்த வேதிப்பொருள் மறுபக்கம் நீந்திச் சேரும் நேரம்தான் தாமதத்துக்குக் காரணம் என்றால் க்யூ10 1.3-ஐ ஒட்டித்தான் வந்திருக்க வேண்டும். ஆக, நேரத்தைத் தின்பது பரவல் இல்லை, வெளியேற்றும் இயந்திரமே. வெப்பநிலையை மட்டும் மாற்றி, கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலையின் தன்மையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த வாதம் இதுதான்.

பாலூட்டிகளின் மூளையில் உடல் வெப்பநிலையில் இந்த வேலை எவ்வளவு வேகம் என்பது 1996-ல் பெர்னார்டோ சபாட்டினியும் வேட் ரெகரும் சிறுமூளையில் அளந்தபோது தெரியவந்தது. 38 டிகிரியில் மின்துடிப்பு வந்ததிலிருந்து எதிர்ப்பக்கச் செல் பதில் தருவது வரை சுமார் 150 மைக்ரோ விநாடி. இதில் கால்சியம் நுழைந்த பிறகு நுண்பை உடைய சுமார் 60 மைக்ரோ விநாடி. பாடப்புத்தகங்களில் சினாப்ஸ் தாமதம் அரை மில்லி விநாடி முதல் ஒரு மில்லி விநாடி என்று படித்திருப்பீர்கள். நம் முதல் படிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 150 மைக்ரோ விநாடியை ஆறரையால் பெருக்கினால் ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி. புத்தகத்தில் இருப்பது பெரும்பாலும் குளிர்ந்த சினாப்ஸின் எண்.

தாமதம் ஒரு பக்கம். இன்னொன்று, நேரம் சிதறுவது. சூடான சினாப்ஸில் நுண்பைகள் ஏறக்குறைய ஒரே கணத்தில் உடையும். குளிர்ந்ததில் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். மொத்தத்தில் வெளியேறிய அளவு அதேயாக இருந்தாலும், எதிர்ப்பக்கத்தில் கூர்மையான உச்சம் வராமல் தட்டையான மேடுதான் வரும்.

அளவு கூடுமா குறையுமா என்ற கேள்விக்கு நேர்ப்பதில் கிடையாது. மின்துடிப்பு அகலமானதால் கால்சியம் உள்ளே வர அதிக நேரம் கிடைக்கிறது, இது வெளியேற்றத்தைக் கூட்டும். கால்சியம் வாயில்கள் மெதுவாகத் திறக்கின்றன, உடைக்கும் புரதங்கள் சோம்பேறியாகின்றன, இவை குறைக்கும். எது ஜெயிக்கும் என்பது எந்த சினாப்ஸ், எந்த வெப்பநிலை என்பதைப் பொறுத்தது. எலியின் பார்வைப் புறணித் துண்டுகளில் உடல் வெப்பநிலையில் நம்பகமாகப் பதில் தந்த சினாப்ஸ்கள் அறை வெப்பநிலையில் அடிக்கடி தவறவிட்டன என்று 1998-ல் காட்டினார்கள். மூளைப் புறணியில் பொதுவாக எதிர்பார்க்க வேண்டியது இதைத்தான்: குறைவான பதில், நம்பிக்கை குறைந்த பதில்.

படி 5: இடைவெளியைத் துடைப்பது யார்?

நரம்புக்கடத்தி எதிர்ப்பக்க ஏற்பியில் உட்கார்ந்து வாயிலைத் திறக்கும். குளிரில் அந்த வாயில் திறக்கவும் தாமதிக்கும், மூடவும் தாமதிக்கும். அதனால் ஒவ்வொரு பதிலும் நீண்ட வாலோடு வரும்.

கொட்டிய வேதிப்பொருளை அகற்றும் வேலையும் இதே கதை. நரம்பு-தசைச் சந்திப்பில் அசிட்டைல்கோலின் என்ற நரம்புக்கடத்தியை ஒரு நொதி வெட்டி அழிக்கிறது. குளிர்ந்தால் நொதி மெதுவாகிறது, அசிட்டைல்கோலின் கூடுதல் நேரம் தங்குகிறது. ஏற்பிகள் குறைந்துபோன நோயாளிக்கு இந்தக் கூடுதல் நேரம் வரம். ஐஸ் கட்டிச் சோதனையில் இமை ஏறியதற்கு இதுவும், ஏற்பி வாயில்கள் நீண்ட நேரம் திறந்திருப்பதும் முக்கியக் காரணங்கள்.

மூளைக்குள் குளூட்டமேட் என்ற நரம்புக்கடத்தியை நொதி வெட்டுவதில்லை. பக்கத்தில் இருக்கும் ஆஸ்ட்ரோசைட் செல்கள் பம்பு வைத்து உறிஞ்சிக்கொள்கின்றன. இந்தப் பம்புகள் வெப்பநிலைக்கு மிகவும் கட்டுப்பட்டவை. குளூட்டமேட் பரவுவதோ க்யூ10 1.3 கூட்டத்தைச் சேர்ந்தது, அது பெரிதாக மெதுவாகாது. கொட்டியது பரவிக்கொண்டே இருக்கிறது, உறிஞ்சுபவர் மட்டும் தூங்குகிறார். விளைவு, குளூட்டமேட் பக்கத்து சினாப்ஸுக்குக் கசியும். டிமிட்ரி குல்மன் குழுவினர் 1997-ல் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியின் துண்டுகளில் இதைக் காட்டினார்கள்: அறை வெப்பநிலையில் தெளிவாகத் தெரிந்த கசிவு, உடல் வெப்பநிலைக்கு வந்ததும் வெகுவாகக் குறைந்தது. ஒருவர் காதில் சொன்னது பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற நிலை. குளிர் குரலைத் தாழ்த்துகிறது என்று மட்டும் எண்ணிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

படி 6: திரும்பத் திரும்பப் பேசினால்

ஒற்றைத் துடிப்பைத் தாண்டி, விநாடிக்கு 50, 100 என்று துடிப்புகள் வந்தால் நிலைமை மோசமாகும். உடைந்த நுண்பைகளின் சவ்வை மீண்டும் உள்ளே இழுத்து, நிரப்பி, வரிசையில் நிறுத்த வேண்டும். ஷிகேகி வாட்டனாபேயும் எரிக் ஜார்ஜென்சனும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், உடல் வெப்பநிலையை ஒட்டிய சூட்டில் நூறு மில்லி விநாடிக்குள் நடக்கும் அதிவேக மீட்பு, அறை வெப்பநிலையில் நடக்கவே இல்லை. அதற்குப் பதிலாக கிளாத்ரின் என்ற புரதத்தை நம்பிய, வெகு மெதுவான வேறொரு வழி பொறுப்பேற்றது. இங்கே குளிர் வேகத்தைக் குறைத்ததோடு நிற்கவில்லை, வழியையே மாற்றிவிட்டது. க்யூ10 கணக்கு இந்த மாதிரி இடங்களில் உதவாது, கவனம்.

படி 7: பேசாத நேரத்திலும் செல் மாறுகிறது

ஓய்வில் இருக்கும் நியூரானின் உட்பக்கம் எதிர்மின் தன்மையில் இருக்கும். அதைக் காப்பாற்றுவது சோடியம்-பொட்டாசியம் பம்பும், எப்போதும் கொஞ்சம் திறந்திருக்கும் பொட்டாசியம் வாயில்களும். குளிரில் பம்பு மெதுவாகும். இந்தப் பொட்டாசியம் வாயில்களில் சில வெப்பத்தால் திறப்பவை, குளிர்ந்தால் மூடிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து செல்லை மின்துடிப்பின் விளிம்பை நோக்கித் தள்ளும். கசிவு குறைந்ததால், வரும் சிறு மின்னோட்டமும் பெரிய மின்னழுத்த மாற்றத்தைத் தரும்.

ஆகவே மிதமாகக் குளிர்ந்த நியூரான் ஒரு கட்டம் வரை எளிதில் தூண்டப்படக்கூடியதாகிறது. இன்னும் குளிர்ந்தால் சோடியம் வாயில்கள் அடைபட்டு, துடிப்பே எழாத நிலை வரும். வரைபடம் போட்டால் நேர்க்கோடாக இறங்காது, நடுவில் ஒரு மேடு இருக்கும். சினாப்ஸ் பலவீனமாவதும் செல் எளிதில் தூண்டப்படுவதும் ஒன்றையொன்று ஓரளவு ஈடுகட்டுகின்றன. 33 டிகிரியில் மூளை ஓரளவு வேலை செய்துகொண்டே இருப்பதற்கு இந்த ஈடுகட்டலும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

படி 8: ஒரு செல்லிலிருந்து சுற்றுக்கு

தனிச் செல்களில் பார்த்ததைச் சங்கிலியாகக் கோர்த்தால் என்ன ஆகும்? மைக்கேல் லாங்கும் மிஷால் ஃபீயும் 2008-ல் வரிக்குருவி இனமான ஸீப்ரா ஃபிஞ்ச் பறவைகளில் இதை அழகாகக் காட்டினார்கள். பாட்டுக்குப் பொறுப்பான எச்விசி என்ற பகுதியைச் சிறு மின்குளிரூட்டியால் சில டிகிரி குளிரவைத்தார்கள். பாட்டு 45 சதவீதம் வரை நீண்டது. சுருதி கெடவில்லை, ஒலிகளின் வடிவமும் பெரிதாக மாறவில்லை. நேரம் மட்டும் இழுபட்டது. அடுத்த கட்டத்தில் உள்ள ஆர்ஏ என்ற பகுதியைக் குளிரவைத்தபோது பாட்டின் வேகம் அசையவில்லை. தாளத்தை நடத்தும் பகுதி எது என்ற கேள்விக்கு, எதையும் அறுக்காமல், எதையும் அழிக்காமல் பதில் கிடைத்தது.

இதே உத்தியை 2016-ல் மனிதர்களிடமும் பயன்படுத்தினார்கள். விழித்திருக்கும் நிலையில் மூளை அறுவை சிகிச்சைக்கு உள்ளான நோயாளிகள் பழகிய சொல்வரிசைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பேச்சுக்கு முக்கியமான புரோக்கா பகுதியைக் குளிரவைத்தபோது பேச்சு மெதுவானது. பேச்சுத் தசைகளை இயக்கும் பகுதியைக் குளிரவைத்தபோது உச்சரிப்பு குழறியது. ஒரே குளிர், கொஞ்சம் தள்ளினால் வேறு விளைவு.

இன்னும் கீழே போனால் பேச்சே நிற்கும். ஸ்டீபன் லோம்பர் குழுவினர் 1990-களில் மெருகேற்றிய கிரையோலூப் என்ற கருவி, மெல்லிய உலோகக் குழாய் வளையத்துக்குள் குளிர்ந்த மெத்தனாலை ஓடவிட்டு மூளைப் புறணியின் ஒரு பகுதியைக் குளிரவைக்கும். அந்தத் திசு சுமார் 20 டிகிரிக்குக் கீழே போனதும் அங்கே சினாப்ஸ் வழிப் பேச்சு நின்றுவிடும். ஆனால் அந்த இடத்தைக் கடந்து வேறெங்கோ போகும் ஆக்சான்களில் துடிப்புகள் ஓடிக்கொண்டிருக்கும், ஏனென்றால் ஆக்சானை முடக்க இன்னும் வெகுவாகக் குளிர வேண்டும். நாலாவது படியில் சினாப்ஸில்தான் பலத்த அடி என்றேனே, அதன் நேரடிச் சாட்சி இது. குளிரூட்டியை நிறுத்தினால் சில நிமிடங்களில் பகுதி மீண்டும் பேசும்.

வந்த வலிப்பை அடக்கவும் இது பயன்படுகிறது. விழித்திருக்கும் நோயாளியின் மூளையை மின்சாரத்தால் தூண்டி வரைபடம் எடுக்கும்போது வலிப்பு வந்துவிட்டால், குளிர்ந்த உப்புக்கரைசலை அந்த இடத்தில் ஊற்றுவார்கள். பெரும்பாலும் சில விநாடிகளில் அடங்கும்.

மூளை முழுவதும் குளிர்ந்தால், மூளையின் மின்னலைகளைக் காட்டும் ஈஈஜி பதிவில் என்ன தெரியும்? அலைகள் முதலில் மெதுவாகும். 25 டிகிரியை ஒட்டி, திடீரெனச் சில அலைகள், பிறகு நீண்ட மௌனம் என்று மாறி மாறி வரும். 18 டிகிரியை ஒட்டிக் கோடு தட்டையாகும். ஆளுக்கு ஆள் சில டிகிரி வித்தியாசம் உண்டு. தட்டையான கோடு மரணம் என்று பொருள்படாது. 1999-ல் நார்வேயில் பனிநீரில் சிக்கிய அன்னா பாகன்ஹோல்ம் என்ற மருத்துவரின் உடல் வெப்பநிலை 13.7 டிகிரி வரை இறங்கியது. அவர் பிழைத்து வேலைக்குத் திரும்பினார்.

படி 9: குளிர் நாள்கணக்கில் நீடித்தால்

இதுவரை பார்த்தது நிமிடக் கணக்கு. ஆர்க்டிக் தரை அணில்கள் உறைபனிக் காலம் முழுக்க உறங்குகின்றன, உடலின் மையம் மைனஸ் 2.9 டிகிரி வரை இறங்கியதை 1989-ல் பிரையன் பார்ன்ஸ் பதிவுசெய்தார். உறங்கும் தரை அணில்களின் ஹிப்போகாம்பஸில் செய்தி வாங்கும் டென்ட்ரைட் கிளைகள் சுருங்கி, சினாப்ஸ்கள் குறைகின்றன. விழித்தபின் சில மணி நேரத்துக்குள் திரும்ப முளைக்கின்றன. குளிர் இங்கே பேச்சை நிறுத்துவதோடு நிற்காமல், தொடர்புகளையே கழற்றி மாட்டுகிறது.

எலிகளைக் குளிரவைத்தாலும் இது சிறிய அளவில் நடக்கிறது. ஜொவானா மலூச்சி குழுவினர் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், 16 முதல் 18 டிகிரிக்குக் குளிரவைத்த எலிகள் சினாப்ஸ்களை இழந்து, சூடேறியதும் மீட்டன. மீட்புக்குத் தேவைப்பட்டது ஆர்பிஎம்3 என்ற குளிர்ப் புரதம். மறதி நோய் மாதிரி எலிகளில் அந்தப் புரதம் எழவில்லை, சினாப்ஸும் திரும்பவில்லை. புரதத்தைச் செயற்கையாகக் கூட்டியபோது சினாப்ஸ் இழப்பு தள்ளிப்போனது.

படி 10: மருத்துவமனையில் இதெல்லாம் எதற்கு?

மூளைக்கு ரத்தம் நின்றால் செல்கள் குளூட்டமேட்டை அளவில்லாமல் கொட்டி ஒன்றையொன்று தூண்டிச் சாகடிக்கும். ராவுல் புஸ்டோ குழுவினர் 1987-லும் 1989-லும் எலிகளில் காட்டியது, ரத்தம் நின்ற நேரத்தில் மூளை இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்திருந்தாலே செல் சாவு வெகுவாகக் குறைகிறது, குளூட்டமேட் பெருக்கும் அடங்குகிறது என்பதை. ஆற்றல் செலவு ஒரு டிகிரிக்கு 6 முதல் 7 சதவீதம் குறைவது மட்டும் இவ்வளவு பாதுகாப்பை விளக்காது. கொட்டுவதைக் கட்டுப்படுத்தியதற்கும் பங்கு உண்டு.

பிறக்கும்போது மூச்சுத்திணறிய நிறைமாதக் குழந்தைகளுக்கு, ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கி 72 மணி நேரம் 33 முதல் 34 டிகிரியில் வைத்திருப்பது, வசதியான தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நிலைபெற்ற சிகிச்சை. இதயம் நின்று மீண்ட பெரியவர்களில் கதை அவ்வளவு சுமுகமாகப் போகவில்லை. 2002-ல் வந்த இரண்டு ஆய்வுகள் பலன் என்றன. 2013-ல் 33-ஐயும் 36-ஐயும் ஒப்பிட்ட பெரிய ஆய்வில் வித்தியாசம் இல்லை. 2021-ல் 33-ஐ, காய்ச்சல் வராமல் மட்டும் பார்த்துக்கொள்வதோடு ஒப்பிட்டபோதும் இல்லை. எலியில் ரத்தம் நின்றிருந்த நேரத்திலேயே குளிர் இருந்தது, மனிதரில் குளிர் வந்து சேரும்போது கொட்ட வேண்டியது கொட்டி முடிந்திருக்கிறது. இதுதான் பொருத்தமான விளக்கமாக எனக்குத் தோன்றுகிறது.

படி 11: ஆய்வுக் கட்டுரையைப் படிக்கும்போது

முதலில் வெப்பநிலையைத் தேடுங்கள். செயல்முறைப் பகுதியில் ஒரே ஓர் எண்ணாக ஒளிந்திருக்கும். 22 முதல் 25 என்று இருந்தால், அங்கே சொல்லப்படும் தாமதம், கசிவு, நுண்பை மீட்பு எதையும் உயிருள்ள மூளைக்கு அப்படியே எடுத்துப்போக வேண்டாம்.

இரண்டாவது, விலங்கு நடமாடும் ஆய்வுகளில் மூளை வெப்பநிலையையும் அளந்தார்களா என்று பாருங்கள். எலி புது இடத்தைச் சுற்றிப் பார்க்கும்போது ஹிப்போகாம்பஸின் மின்பதிவுகள் பெரிதாவதைக் கண்டு, கற்றலின் தடயம் கிடைத்துவிட்டது என்று நம்பிய காலம் ஒன்று உண்டு. எட்வர்ட் மோசரும் பெர் ஆண்டர்சனும் 1993-ல் வெப்பமானி வைத்துப் பார்த்தார்கள். ஓடியாடியதில் தசைகள் சூடாகி, மூளையும் சூடாகியிருந்தது. எலி எதையும் கற்காமல் சும்மா இருக்கும்போது சூடுபடுத்தினாலும் அதே பதிவு வந்தது. ஒன்றிரண்டு டிகிரி, கற்றல் என்று வேஷம் போட்டிருந்தது. (மோசர் பிறகு 2014-ல் நோபல் பரிசில் பங்குபெற்றார், வேறு வேலைக்காக.)

மூன்றாவது, மீண்டும் சூடேற்றிய விதத்தைப் பாருங்கள். மூளைத் துண்டுகளை வெட்டும்போது திசு சேதமாகாமல் இருக்கப் பனிக்குளிர்ந்த கரைசலில் வைப்பது வழக்கம். அந்தக் குளிரில் டென்ட்ரைட்டுகளின் மேல் உள்ள முட்கள், அதாவது சினாப்ஸ்கள் உட்காரும் மொட்டுகள், மறைந்துபோகின்றன. சூடேற்றினால் திரும்ப வருகின்றன, ஆனால் முன்பு இருந்ததை விட அதிகமாக. செர்ஜி கிரோவ் குழுவினர் 2004-ல் முதிர்ந்த ஹிப்போகாம்பஸில் இதை எண்ணிக் காட்டினார்கள். பிறந்த குழந்தைகளை மணிக்கு அரை டிகிரி என்ற நிதானத்தில் சூடேற்றுவதும், அந்த நேரத்தில் வலிப்பு வருகிறதா என்று ஈஈஜியைப் பார்த்துக்கொண்டே இருப்பதும், மீளும் வழியும் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒரு கட்டம் என்பதால்தான். ஆய்வில் குளிரவைத்த வெப்பநிலையை எழுதிவிட்டு, சூடேற்ற எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்கள், அதன்பின் எவ்வளவு நேரம் காத்திருந்து அளந்தார்கள் என்று எழுதாமல் விட்டிருந்தால், "முழுமையாக மீண்டது" என்ற வரியை நான் ஏற்றுக்கொள்வதில்லை.